இரண்டு வளையல்கள்: லெந்துகாலக் குறிப்புகள்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

காலை ஆராதனையில் 51-ஆம் சங்கீதம் வாசித்தார்கள். "நொறுங்குண்ட ஆவி" என்ற இடம் வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்து வருடமாக ஒவ்வொரு லெந்திலும், ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலத்தில், இப்படித்தான். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகிவிடும். இன்று அந்த லேசுதான் பயமாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். 2014-இல் அம்மா இறந்தபோது பீரோவில் நான்கு சவரனில் இரண்டு வளையல்கள் இருந்தன. எனக்குக் கழுத்து வரைக்கும் கடன். விற்றுவிட்டேன். அக்கா கேட்டபோது, "அம்மா அடகு வைத்திருந்தாள், மூழ்கிப்போச்சு" என்றேன். அக்கா சண்டை போடவில்லை. "என்கிட்டகூடச் சொல்லலையே அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பணத்தில் தசமபாகம், பத்தில் ஒரு பங்கு, எடுத்துச் சபைக் காணிக்கை உறையில் போட்டேன். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

மார்ச் 22, சனி

அக்கா பங்கு இரண்டு சவரன். அன்றைக்கு 40,000 ரூபாய்ச் சொச்சம், இன்றைய விலைக்கு 1,30,000-க்கு மேல். லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. பலி அதற்கு அப்புறம்தான். இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான்.

மே மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். லோன் போட்டு, தாய்மாமன் சீர் என்று கொடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம்.

ஏப்ரல் 2, புதன்

இரவு மத்தேயு 27. இயேசுவைக் காட்டிக்கொடுத்து வாங்கிய பணத்தை யூதாஸும் திருப்பிக் கொடுத்தான்! பாவம் செய்தேன் என்று வாயால் அறிக்கையும் செய்தான். ஆனால் நம் வேதாகமம் அந்த இடத்தில் "மனஸ்தாபப்பட்டு" என்கிறது, மனந்திரும்பினான் என்று சொல்லவில்லை. கிரேக்கத்திலும் அது வேறு சொல்தான். அவன் போனது ஆசாரியர்களிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று விரட்டிவிட்டார்கள். ஆண்டவரிடம் அவன் போகவே இல்லை.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவின் கதையை லூக்கா 22-இல் பார்த்தேன். "கர்த்தர் திரும்பிப் பேதுருவை நோக்கிப்பார்த்தார்." முதலில் திரும்பியவர் அவர். பேதுரு மனங்கசந்து அழுதது அதற்குப் பிறகு. எத்தனை தடவை வாசித்த வசனம், இன்றுதான் என்னைப் பிடித்தது.

நான் இத்தனை வருடம் அழுதது என் நெஞ்சு ஆறுவதற்காக. அக்காவுக்காக ஒரு சொட்டு இல்லை. அம்மா பேரைக் கெடுத்தேனே, அதற்காகவும் இல்லை. சீர் என்று கொடுத்தால் எனக்கு நல்ல பேர் கிடைக்கும், அம்மாவின் பேர் அப்படியேதான் கிடக்கும்.

ஏப்ரல் 12, சனி

நாகர்கோவில் போனேன். வடசேரியில் இறங்கியும் அரைமணி நேரம் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றேன். அப்புறம் போய்ச் சொல்லிவிட்டேன், கடனைக்கூடக் காரணம் காட்டாமல். பண உறையை அக்கா பார்க்கவே இல்லை. "அப்போ அம்மா என்கிட்ட எதையும் மறைக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். பிறகு அடுக்களைக்குள் போனாள். ரொம்ப நேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தான்தான் வாசல்வரை வந்தார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை, சிலுவையை நினைத்து மூன்று மணி நேரம். அழுகை வரவில்லை. அக்கா பேரைச் சொல்லி ஜெபித்தேன். அவள் இன்னும் போன் எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. நாளை மறுபடி போகிறேன்.