தபாலில் வராத 50 டாலர்

2004-ல் நியூ ஜெர்சியில் இருந்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 70 டாலர், ஆனால் கல்லாவில் கட்டியது 120, அதில் 50 மெயில்-இன் ரிபேட்டாக, அதாவது பிறகு விண்ணப்பித்துப் பெறும் தள்ளுபடியாக, தபாலில் வருமாம். விற்பனை வரியையும் 120-க்குத்தான் போட்டார்கள்.

அப்புறம் படிவம் நிரப்பி, ரசீது நகல் வைத்து, அட்டைப்பெட்டியிலிருந்து பார்கோடை வெட்டி அனுப்ப வேண்டும். அந்தப் பார்கோடு விஷயம்தான் எனக்கு இன்றும் எரிச்சல். வெட்டிவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம், வெட்டாவிட்டால் பணம் இல்லை. பத்து வாரம் காத்திருந்து போன் செய்தால் "படிவம் முழுமையாக இல்லை" என்றார்கள். கடையில் கேட்டால் தயாரிப்பாளரைக் கேள் என்கிறார்கள், தயாரிப்பாளரோ ரிபேட்டைக் கையாள இன்னொரு கம்பெனியை வைத்திருக்கிறார். காசோலை கடைசிவரை வரவில்லை.

நிறைய பேர் அனுப்ப மறந்துவிடுவார்கள் என்பதை வைத்துத்தான் இந்த ஏற்பாடே ஓடியது. 2005-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி, காம்ப்யூஎஸ்ஏ என்ற கம்ப்யூட்டர் கடை மீது நடவடிக்கை எடுத்தது. க்யூபிஎஸ் என்ற தயாரிப்பாளர் ரிபேட் பணம் தராமல் இழுத்தடிக்கிறார் என்று தெரிந்தும் அதே ரிபேட்டைத் தொடர்ந்து விளம்பரம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு பெஸ்ட் பை என்ற எலெக்ட்ரானிக்ஸ் கடை, இரண்டு வருடத்துக்குள் மெயில்-இன் ரிபேட்டை விட்டுவிடுவோம் என்று அறிவித்தது. தள்ளுபடி தர மனம் இருந்தால் பில்லிலேயே கழித்துவிடுங்கள், எங்களை ஏன் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வைக்க வேண்டும்?