எவ்ரி வானுக்குப் பிளக் மாற்றுகிறவர்கள் கவனிக்க

எஞ்சினுக்குள் பொறி தட்டிப் பெற்றோலை எரிய வைப்பது பிளக். கடையில் தந்ததை அப்படியே பூட்டியிருந்தால் இன்றைக்கு என் சுசுகி எவ்ரியின் எஞ்சின் ஏதாவது ஒரு கராச்சில் பிரித்துப்போட்டபடி கிடந்திருக்கும். கோபம் இன்னும் ஆறவில்லை. யாழ்ப்பாணத்தில் இந்த வானை நம்பித் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர். 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 வரை திறக்காததால், இருக்கிற வானைக் காப்பாற்றுவதுதான் எல்லோருக்கும் பெரிய வேலையாகப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நிறுத்தி வைத்து ஓடவிட்டால் வான் நடுங்கும். சாமான் ஏற்றினால் இழுவை இல்லை. எஞ்சின் ஓடும்போதே, பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் ஒவ்வொரு கொயிலின் வயரையும் கழற்றிப் பார்த்தேன். நடுவில் உள்ளதைக் கழற்றும்போது மட்டும் சத்தத்தில் மாற்றமே இல்லை. பக்கத்துக் கொயிலை அங்கே மாற்றிப் பூட்டியும் அதே சிலிண்டர்தான் செத்துக் கிடந்தது. ஆகவே பழுது கொயிலில் இல்லை, பிளக்கில்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

என்னுடையது டி.ஏ. 64 வி மாடல், உள்ளே கே 6 ஏ எஞ்சின். 2015 இல் வந்த டி.ஏ. 17 வியில் இருப்பது ஆர் 06 ஏ. இரண்டுக்கும் பெயர் எவ்ரி, ஆனால் பிளக் வேறு. மாடல் நம்பரைக் கடதாசியில் எழுதிக்கொண்டு ரவுணுக்குப் போய்க் கொடுத்தேன். கடையில் நின்றவர் அந்தக் கடதாசியைக் கையில் வாங்கக்கூட இல்லை. "எவ்ரிக்கு எல்லாம் ஒண்டுதான் அண்ணை, கொண்டு போங்கோ" என்று மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். அறுபத்து நாலு என்று அழுத்திச் சொன்னேன். அதற்கும் அதே பதில்தான்.

வீட்டில் பழைய பிளக்கைக் கழற்றிப் புதியதோடு சேர்த்துப் பிடித்தேன். புதியதில் திருகிப் பூட்டும் புரி நீளம் கூட! கண்ணால் பார்த்தாலே தெரிகிற வித்தியாசம். அளவுக்கு மிஞ்சி நீளமான பிளக் உள்ளே நீட்டிக்கொண்டு நின்றால், மேலே வரும் பிஸ்டன் அதில் இடிக்கும். பிளக்கோடு பிஸ்டனும் போய்விடும். தயவுசெய்து எந்தப் பிளக்கையும் பழையதோடு வைத்துப் பார்க்காமல் பூட்டாதீர்கள்.

திருப்பிக் கொண்டுபோனால், "பெட்டி உடைச்சாச்சு, எடுக்கேலாது" என்றார்கள். உடைக்காமல் எப்படி அளந்து பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. காசு போனதுதான். கடையிலேயே, காசு கொடுக்க முதல், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு கடையில் வயதான ஐயா ஒருவர் இருந்தார். பழைய பிளக்கை வாங்கித் துணியால் துடைத்து, வெள்ளைப் பீங்கானில் இருந்த நம்பரை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பிறகு உள்ளே போய்ச் சரியானதைக் கொண்டுவந்து, இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்து, "பார்த்துக்கொள்ளும் தம்பி" என்றார். அவ்வளவுதான் வேலை. இதைச் செய்வதில் அந்த முதலாவது கடைக்கு என்ன கஷ்டம்?

பழையதை உப்புத்தாள் போட்டு உரஞ்சினால் காணும் என்று பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர் அவர். கரி பிடித்த பிளக்கை உரஞ்சி உரஞ்சித்தான் அந்தத் தலைமுறை காலத்தை ஓட்டியது. ஆனால் என் பிளக்குகளில் முனையே தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டது. உரஞ்சினால் கரி போகும், தேய்ந்த உலோகம் திரும்பி வராது.

பூட்டுகிற வேலை பெரிதில்லை. முன் சீற்றைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். நன்றாக ஆறியபிறகே கை வையுங்கள், ஏனென்றால் எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம், சூட்டில் கழற்றினால் புரி உரிந்துவிடும். எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி பிளக் குழிக்குள் அடைந்து கிடக்கும். கொயிலை எடுத்தவுடன் காற்றடித்து அதை வெளியேற்றாமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனை மண்ணும் சிலிண்டருக்குள் விழும். நான் சைக்கிள் பம்பால் அடித்தேன், போதுமாக இருந்தது.

புதியதை இறக்க ஒரு துண்டு பெற்றோல் ரியூப்பைப் பிளக்கின் தலையில் செருகி, அதைக் கையால் சுற்றுங்கள். புரி சரியாகப் பிடிக்காவிட்டால் ரியூப் வழுக்கும், புரி கெடாது. கடைசி இறுக்கத்துக்கு மட்டும் சாவி. 12 மில்லிமீற்றர் புரிக்கு 15 முதல் 20 நியூட்டன் மீற்றர் வரை போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி இல்லாதவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் படத்தின்படி திருப்புங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம்.

வான் சாவியைத் திருப்பி ஸ்ராட் பண்ணியதும் எஞ்சின் நடுக்கமில்லாமல் ஓடியது. உள்ளே இருந்த மனைவியே, "என்ன, ஓஃப் ஆகிட்டுதோ?" என்று கேட்டார்.

ஒன்று மிச்சம். நடுப் பிளக்கின் குழியில் எஞ்சின் ஒயில் கசிந்திருந்தது. மேல்மூடியின் பக்கிங் இறுகிப்போயிருக்கிறது, அதை மாற்றாவிட்டால் கொயிலின் றப்பரும் ஊறிக் கெட்டுவிடும். வருகிற கிழமை அந்த ஐயாவிடம்தான் போகிறேன்.