ஐந்து மணித் தண்ணீர்

3 ஜூலை 2024, புதன்

இவருக்குச் சோதனைக்காகச் சதை எடுத்துவிட்டார்கள். திங்கள்கிழமை ரிப்போர்ட். வலது தாடைக்குக் கீழே கொஞ்சம் பஞ்சு, மேலே பிளாஸ்திரி. இவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சவரம் பண்றதுதான் கஷ்டம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

4 ஜூலை, வியாழன்

காலை ஐந்து மணிக்கு முதல் வேலையாக ஆண்டவரோடு உட்கார வேண்டும் என்பது வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த தீர்மானம். மும்பை சயனில் எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் வருவதும் ஐந்து மணிக்குத்தான். ஐந்தே முக்காலுக்கு நின்றுவிடும். ஜூன் 5 முதல் மாநகராட்சி 10% வெட்டு போட்ட பிறகு கடைசிக் கால் மணி நேரம் நூல் மாதிரிதான் விழுகிறது. முழங்காலில் நின்றால் காது குழாயடிக்குப் போகிறது. குழாயடியில் நின்றால் மனசு உறுத்துகிறது. இன்று சங்கீதம் 16-ஐ மேடையில் விரித்துவைத்துக்கொண்டு டிரம் நிரப்பினேன். கர்த்தரை எப்பொழுதும் எனக்கு முன்பாக வைத்திருக்கிறேன். அவர் என் வலதுபாரிசத்தில் இருக்கிறபடியால். அந்த 'வலது'க்கு மேல் வாசிக்க முடியவில்லை. தண்ணீர் தெறித்துத் தாள் உப்பிப்போனது.

சாயங்காலம் மெரைன் டிரைவில் உலகக் கோப்பை ஊர்வலம். எதிரே வந்த வண்டிகளின் கதவெல்லாம் நீலச் சட்டை. அத்தனை பேர் மனதிலும் ஒரே விஷயம். பார்க்கப் பொறாமையாக இருந்தது.

5 ஜூலை, வெள்ளி

உபவாச ஜெபத்துக்குப் போகவில்லை. போனால் கேட்பார்கள்.

7 ஜூலை, ஞாயிறு

முதல் ஞாயிறு, திருவிருந்து. லாரன்ஸ் சகோதரரைப் பற்றி பாஸ்டர் சொன்னார். 17-ஆம் நூற்றாண்டு, பாரிஸில் கார்மேல் மடத்துச் சமையல்கட்டு. அதற்கு முன் போர் வீரர், காலில் காயம் பட்டவர். சமையல் அவருக்குப் பிடித்த வேலையே இல்லை. ஆனாலும் சட்டி பானைச் சத்தத்தின் நடுவே ஆண்டவரோடு பேசிக்கொண்டே இருந்தாராம். ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்ற பிரிவே அவருக்கு இல்லையாம். பிற்பாடு செருப்பு தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள் என்பதை பாஸ்டர் விட்டுவிட்டார். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

லாரன்ஸ் நல்ல மனுஷர்தான். ஆனால் பிள்ளை இல்லை, மாதத் தவணை இல்லை, பக்கத்தில் படுத்திருக்கிறவர் மூச்சை எண்ணவேண்டிய ராத்திரி இல்லை. இப்படி நினைத்தது பாவமா என்று தெரியவில்லை. நினைத்தேன், எழுதிவிட்டேன்.

திருவிருந்தில் எனக்குக் கொடுத்தபோது என் கண் இவர் தொண்டையில் இருந்தது. விழுங்கும்போது முகம் சுளித்தாரா? கொஞ்சம் சுளித்த மாதிரி இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், நான் என்ன வாங்கினேன், என்ன குடித்தேன் என்பதே நினைவில் இல்லை என்று தெரிந்தது.

8 ஜூலை, திங்கள்

ராத்திரி ஒரு மணியிலிருந்து ஏழுக்குள் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. போன் பண்ணினேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் வரவில்லையாம். வெள்ளிக்கிழமை என்கிறார்கள்.

தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். வெட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏரியில் பெய்தால்தானே.

9 ஜூலை, செவ்வாய்

லாரன்ஸ் சகோதரரை விட மனசில்லை. ஸ்லோ வண்டியில் ஏறி, ஸ்டேஷனுக்கு ஒரு ஜெபம் என்று வைத்துக்கொண்டேன். மாட்டுங்காவில் தம்பிக்காக. எங்கள் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு. தாதரில் ஏறுகிற கூட்டத்தில் ஜெபமும் நசுங்கிப் போனது. பரேலில் வெளியே பார்க்கவில்லை. அங்கே இருப்பது கான்சர் ஆஸ்பத்திரி என்று ஊருக்கே தெரியும். கரி ரோடில் முதலாளிக்காக, பல்லைக் கடித்துக்கொண்டு. சிஞ்ச்போக்லியில் அத்தைக்காக. பைக்குல்லா தாண்டினபோது கணக்கு வவுச்சர் ஒன்று நினைவுக்கு வந்து, மஸ்ஜித் வரை அதுதான்.

அடுத்த பெட்டியில் பஜனைக் கூட்டம், ஜால்ராவோடு. அவர்களுக்கு ஒரு ஸ்டேஷனும் தப்பவில்லை.

வேதத்தில் ராஜாவுக்குப் பானம் கொடுக்கிற நெகேமியாவின் நினைவு வந்தது. என்ன வேண்டும் என்று அர்தசஷ்டா ராஜா கேட்கிறான். இவன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டுப் பதில் சொல்கிறான். பானபாத்திரக்காரனுக்காக ராஜா எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பான்? ஒரு மூச்சு விடும் நேரம். அதற்குள் என்ன சொல்லியிருக்க முடியும்? "ஆண்டவரே" என்று மட்டும் சொல்லியிருப்பான். அவ்வளவுதான் என்றால் என்னாலும் முடியும்.

10 ஜூலை, புதன்

நாசரேத்திலிருந்து அத்தை. "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? அவனுக்கு ஒண்ணும் இல்லையே?" ஒன்றும் இல்லை என்றேன். கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், எல்லாப் பேச்சையும் மௌனமாகக் கேட்கிறவர் என்ற பலகையின் கீழே நின்றுதான் சொன்னேன். அத்தை கல்யாணத்துக்குத் தந்த பலகை அது.

அப்புறம் தம்பியைத் திட்டியதும் அதன் கீழேதான்.

11 ஜூலை, வியாழன்

தூக்கம் இல்லை. மணி 3.40.

இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள் என்று பவுல் எழுதியதை முடியாத காரியம் என்று இத்தனை வருஷம் ஒதுக்கிவைத்திருந்தேன். இந்த எட்டு நாளாக வெங்காயம் நறுக்கும்போது, வரவு செலவு கூட்டும்போது, சிரிக்கும்போதுகூட அந்தப் பஞ்சு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிஷம் விடவில்லை. அதற்கென்று நேரம் ஒதுக்கினேனா? தீர்மானம் எடுத்தேனா? ஆக எனக்கு இடைவிடாமல் செய்யத் தெரியும். நடுவில் யார் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. அவர் என்று எழுதினால் ஆண்டவரா, பக்கத்தில் படுத்திருக்கிறவரா என்று எனக்கே குழம்புகிறது. அதனால்தான் இந்த நோட்டில் இவரை இவர் என்றே எழுதுகிறேன்.

குழாய் தண்ணீர் விடுவதற்கு முன் காற்றாக இருமும். எவ்வளவு அசந்து தூங்கினாலும் அந்த இருமல் என்னை எழுப்பிவிடும். இவருக்கும் தம்பிக்கும் கேட்காது. எனக்கு மட்டும் கேட்கும், ஏனென்றால் ஒரு காது எப்போதும் அங்கேயே படுத்திருக்கிறது. அந்த மாதிரி ஒரு காது போதும், ஆண்டவரே. முழு மனசைக் கேட்காதேயும் இப்போதைக்கு. இல்லை, கேளும். எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை எனக்கு.

இவர் புரண்டு படுத்தார். வலது பக்கம் வைத்துப் படுக்கிறார். வலி இல்லையோ?

12 ஜூலை, வெள்ளி

இரண்டு பேரையும் வரச் சொல்கிறார்கள். பத்து மணிக்கு. ஏன் இரண்டு பேரையும்?

டிரம் நிரம்பிவிட்டது. குக்கர் வைத்துவிட்டுக் கிளம்பவேண்டும்.