பேசாப் படத்தில் ஒரு குற்றம்: எந்த வரிசையில், எந்த வேகத்தில் போடுவது

துப்பறியும் கதை நடப்பதே பேச்சில்தான். சாட்சி சொல்வார், சந்தேகத்துக்கு ஆளானவர் மறுப்பார், கடைசியில் துப்பறிவாளர் எல்லோரையும் உட்காரவைத்து முடிச்சை அவிழ்ப்பார். அந்தப் பேச்சையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? 1903 முதல் 1929 வரை பிரிட்டனில் குற்றப்படம் எடுத்தவர்கள் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்கள். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் வாயனசாலைகளில் (வாசகசாலைகளில்) படம் போடுகிறவர்கள் இந்தப் படங்களைக் காலவரிசையில் போட்டால், அந்த மல்லுக்கட்டு கண்முன்னே தெரியும்.

முதல் விடை, ஓட்டம். ஷெஃபீல்டு நகரில் ஃபிராங்க் மாட்டர்ஷா 1903-ல் எடுத்த ‘எ டேரிங் டேலைட் பர்க்ளரி’ படத்தில் திருடன் வீட்டுக்குள் இறங்குகிறான், ஒரு பையன் பார்த்துவிட்டுப் போலீசுக்கு ஓடுகிறான், கூரைமேல் சண்டை, போலீஸ்காரர் கீழே விழுகிறார். விழுவது பொம்மை என்பது இன்று தெளிவாகத் தெரியும், ஆனாலும் கூட்டம் அதிர்கிறது. பிறகு துரத்தல், ரயில், அடுத்த ஸ்டேஷனில் கைது. யார் குற்றவாளி என்ற கேள்வியே இல்லை. அவனைப் பிடிப்பார்களா என்பது மட்டும்தான் கேள்வி, அதற்குப் பேச்சு தேவையில்லை.

1905-ல் வந்த ‘லைஃப் ஆஃப் சார்லஸ் பீஸ்’ இன்னொரு வகை. பீஸ் 1879-ல் தூக்கிலிடப்பட்ட நிஜக் கொலைகாரன். அவன் கதை ஜனங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால், வில்லியம் ஹாகர் விளக்கம் எதுவும் தராமல் காட்சிக்குக் காட்சி தாவுகிறார். ஹாகர் வேல்ஸ் நாட்டுச் சந்தைகளில் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். அதே 1905-ல்தான் நம் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். பிறகு 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நம் ஊர்க் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

செசில் ஹெப்வொர்த் தயாரித்த ‘ரெஸ்க்யூடு பை ரோவர்’ படமும் 1905தான். குழந்தையைத் தூக்கிப் போகிறாள் ஒரு பிச்சைக்காரி, வீட்டு நாய் தேடிக் கண்டுபிடிக்கிறது. செலவு 7 பவுண்டு 13 ஷில்லிங் 9 பென்ஸ். பிரதி கேட்டு வந்தவர்கள் அத்தனை பேர் என்பதால் நெகட்டிவ் தேய்ந்துபோய், முழுப்படத்தையும் மேலும் இருமுறை எடுத்தார்கள். நாய் போகும் திசையைக் கவனிக்கச் சொல்லுங்கள். தெரு, ஆறு, மறுகரை எல்லாம் ஒரே ஒழுங்கில் வருகின்றன, திரும்பும்போது அதே இடங்கள் தலைகீழ் வரிசையில். நாய் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிகிறது. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் எடுத்த, மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ கதையும் கடத்தப்பட்ட பிள்ளையைப் பற்றியதுதான். அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது பெரிய இழப்பு.

இனி வேகம். இங்கேதான் பெரும்பாலான திரையிடல்கள் கெட்டுப்போகின்றன. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப் படங்கள். ஆயிரம் அடி ரீல், நொடிக்கு 16 ஃபிரேம் வேகத்தில் 16 நிமிடம் 40 நொடி ஓடும். பேசும்படத்துக்கான 24-ல் ஓட்டினால் சுமார் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பது அதனால்தான். அந்தக் காலத்தில் யாரும் அப்படி நடக்கவில்லை. இணையத்தில் கிடைக்கும் பிரதியைப் போடுமுன் சாதாரணமாக நடக்கும் ஓர் ஆளைப் பாருங்கள். நொடிக்கு இரண்டு காலடிக்குப் பக்கமாக இருந்தால் சரி. மூன்று காலடி வைத்தால் விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.67-க்கு இறக்குங்கள். 1920-களின் படம் என்றால் 0.75 அல்லது 0.83 போதும். ஏற்கெனவே திருத்திய பிரதியை மறுபடி இறக்கினால் படம் சேற்றில் நடப்பதுபோல ஆகிவிடும், அதனால் சோதிக்காமல் கை வைக்கக் கூடாது. வேகத்தை மாற்றினால் படத்தோடு வரும் இசை கெடும். அதை அணைத்துவிடுங்கள்.

ஸ்டோல் கம்பெனி 1921 முதல் 1923 வரை எடுத்த ஷெர்லாக் ஹோம்ஸ் படங்களில்தான் பேச்சில்லாத கஷ்டம் முழுசாகத் தெரியும். ஐல் நார்வுட் நடித்த 45 குறும்படங்கள், இரண்டு முழுநீளப் படங்கள். ஹோம்ஸின் யோசனை எல்லாம் காட்சிகளுக்கு நடுவே காட்டும் எழுத்து அட்டைகளில் வருகிறது. நார்வுட்டின் அடக்கமான முகம் அற்புதம், ஆனால் அட்டை வாசிக்கும் நேரம் முகத்திடமிருந்து பறிபோகிறது. ஒரு படம் போட்டால் போதும், தொடர்ந்து மூன்று படம் போட்டால் கூட்டம் சோர்ந்துவிடும்.

அட்டைகளைத் தமிழில் உரக்கப் படிக்க ஒருவரை நிறுத்துங்கள். ஒவ்வோர் அட்டையையும் முன்கூட்டியே ஒரு சிறு வாக்கியமாகச் சுருக்கி எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த காட்சியின் மேல் குரல் ஏறிவிடும். முகத்தில் தெரிவதை அவர் விளக்கக் கூடாது.

சிக்கலை உண்மையில் அவிழ்த்தது ஹிட்ச்காக்கின் ‘தி லாட்ஜர்’. 1926-ல் முடிந்து 1927-ல் வெளியான படம். படத்தைத் திருத்தித் தொகுத்த ஐவர் மாண்டேகு அதில் அட்டைகளை 80 அளவுக்குக் குறைத்தார். மாடியில் குடியிருப்பவன் உலாத்துகிறான். கீழே இருப்பவர்களுக்குக் கேட்பதை நமக்குக் காட்ட, தடித்த கண்ணாடித் தளத்தில் நடிகர் ஐவர் நொவெல்லோவை நடக்கவிட்டு அடியிலிருந்து எடுத்தார்கள். தொங்கும் விளக்கு ஆடுகிறது. காலடிச் சத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, அவன்தான் கொலைகாரனோ என்ற சந்தேகம் நம் தலையில் ஏறுகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் பிரதி வேண்டாம். 2012-ல் மீட்டெடுத்த பிரதியில் இரவுக்கு நீலமும் உள்ளறைக்கு மஞ்சளும் திரும்பி வந்திருக்கின்றன. மூடுபனியில் யார் எங்கே என்று அந்த நிறங்களே சொல்கின்றன.

வெளியில் திரை கட்டினால் மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் கிழக்குக் காற்று துணியைப் பாய்மரமாக்கிவிடும். அடியோரத்தில் இரும்புக் குழாயைச் செருகி, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். மெல்லிய ஒளி வேறுபாடுகளுள்ள ‘லாட்ஜர்’ படத்தை வீட்டுக்குள் சுவரில் போடுவதே நல்லது.

நேரமிருந்தால் ஆந்தனி அஸ்க்வித்தின் ‘எ காட்டேஜ் ஆன் டார்ட்மூர்’ (1929). முடிதிருத்தும் கடையில் பொறாமை பிடித்த ஒருவன், அவன் கையில் சவரக்கத்தி. நடுவே ஒரு சினிமாக் கொட்டகைக் காட்சி. அங்கே ஓடும் பேசும்படத்தை நமக்குக் காட்டாமல், பார்ப்பவர்களின் முகங்களை மட்டும் காட்டுகிறார். என் கணக்கில் இந்த வரிசையின் உச்சம் இதுதான்.

உரிமை பற்றிப் பயம் வேண்டாம். இந்தியச் சட்டப்படி படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம், ஆகவே இவை எல்லாம் எப்போதோ விடுபட்டவை. ஆனால் மீட்டெடுத்த பிரதியோடு வரும் புது இசைக்குத் தனி உரிமை உண்டு. அனுமதி வாங்காவிட்டால் அதை அணைத்துவிட்டு, உள்ளூரில் ஆர்மோனியம் வாசிப்பவரைக் கூப்பிடுங்கள்.