ஃபார்ட்டிங்கால் மாதிரி ஊர்: மரத்தைப் பிளந்த வாரம்

மூன்றாவது வாரம் முடிந்தது. ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், கிளென் லயன் பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் ஃபார்ட்டிங்கால் என்ற சிற்றூரை 1:100 அளவில் அட்டையில் செய்துவருகிறேன். அங்கே ஒரு மீட்டர் என்றால் என் பலகையில் ஒரு சென்டிமீட்டர்.

போன வாரம் கூரைவீடுகள். கப்பல் முதலாளி டொனால்ட் கரி 1885-இல் இந்த எஸ்டேட்டை வாங்கி, ஜேம்ஸ் மக்லாரன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டவைத்தவை. கூரைக்குத் தேங்காய் நாரை அப்படியே ஒட்டினால் முரடாகத் தெரிந்தது. சீப்பால் வாரி, ஓரத்தைக் கத்தரித்த பிறகுதான் வேய்ந்த களை வந்தது.

இந்த வாரம் முழுக்க ஒரே மரம்தான், தேவாலய முற்றத்தில் நிற்கும் யூ (yew) என்ற ஊசியிலை மரம். அதன் வயதை 2000 முதல் 3000 ஆண்டு வரை கணிக்கிறார்கள். அதற்கும் மேல் சொல்பவர்களும் உண்டு. 1769-இல் அளந்தபோது அடிமரச் சுற்றளவு 52 அடி, ஏறக்குறைய 16 மீட்டர். அதை வைத்துக் காகிதக் கூழில் 16 செ.மீ. சுற்றளவுக்கு ஒரே தண்டாக உருட்டி, இரண்டு நாள் காயவைத்தேன். கம்பீரமாகத்தான் இருந்தது, ஆனால் தப்பு. நடுமரம் 18-ஆம் நூற்றாண்டிலேயே உளுத்துத் தரைமட்டமாகிவிட்டது. அந்தப் பிளவின் வழியே சவ ஊர்வலங்கள் போனதாகச் சொல்வார்கள். கோப்பை கடையவும் நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளவும் வெட்டிக்கொண்டு போனது வேறு. இன்று எஞ்சியிருப்பது வெளிவட்டத்து ஓரம் மட்டுமே, தனித்தனி மரங்களைப் போல. நடுக்கட்டையான வைரமே போய்விட்டதால் வளையம் எண்ணி வயது சொல்லவும் வழியில்லை.

சரி என்று பிளேடால் தண்டைப் பிளந்து நடுவைத் தோண்டியெடுத்தேன். மனசு கேட்கவில்லைதான். ஓரத் துண்டுகளை வட்டத்தில் நட்டு, பழைய சுற்றளவைக் காட்டத் தீக்குச்சி முளைகள் அடித்து, சுற்றிலும் தாழ்ந்த மதில் வைத்ததும், அந்த வெற்றிடமே மரத்தின் பெரிய அளவைச் சொல்லியது. முழுத் தண்டில் அது வரவேயில்லை.

அப்புறம் வயலில் கார்ன் நா மார்வ், அதாவது இறந்தோர் மேடு. வெண்கலக் காலத்துப் புதைமேடு அது. 14-ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் மாண்டவர்களை, வெள்ளைக் குதிரை இழுத்த சறுக்குவண்டியில் ஒரு கிழவி இங்கே கொண்டுவந்தாள் என்கிறது மேட்டின்மேல் நிற்கும் கல். மேட்டைக் களிமண்ணில் பிடித்துவிட்டேன். குதிரையும் கிழவியும் இன்னும் கைக்கு வரவில்லை; அவசரப்படப் போவதில்லை.

கடைசியாக மரத்துக்கே திரும்பினேன். இது ஆண் மரம். ஆனாலும் 2015-இல் ஒரு கிளை மட்டும் பெண்ணாக மாறிப் பழுத்திருந்தது. ஊசிமுனையில் சிவப்பைத் தொட்டு, அந்த ஒரு கிளையில் மூன்று பழம் வைத்தேன்.