இருவர் என்ற ஒரு சொல்

2017 செப்டம்பரில், குடியுரிமை பெற்று ஓராண்டுகூட நிறையாத எனக்கு, ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறையிலிருந்து ஓர் உறை வந்தது. ஒருபாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தை மாற்ற வேண்டுமா என்ற ஒரே கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அதே உறையோடு பக்கத்து வீட்டு அம்மையார் தம் தபால் பெட்டியருகே நின்றிருந்தார். அவரும் அவருடைய துணைவியும் 27 ஆண்டுகளாக அந்த வீட்டில் சேர்ந்து வாழ்பவர்கள். "நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நாடு முழுவதையும் கேட்கிறார்கள், உன்னையும் கேட்டிருக்கிறார்கள்" என்றார். நேற்று வந்து குடியேறியவளின் சம்மதம், இந்த மண்ணிலேயே பிறந்து நரைத்த அவர்களுக்கு எதற்கு? அன்றே 'ஆம்' என்று குறித்து அஞ்சலில் சேர்த்தேன்.

நவம்பர் 15 அன்று முடிவு வந்தது. 61.6 விழுக்காட்டினர் ஆம் என்றிருந்தார்கள். மலேசியாவின் கோத்தா கினபாலுவில் பிறந்து, சிறுமியாக இங்கே வந்த செனட்டர் பென்னி வாங் கண்ணீர் விட்டதைப் பார்த்து நானும் அழுதேன். ஆனால் விக்டோரியா மாநிலத்தின் 37 தொகுதிகளில் இரண்டு மட்டும் இல்லை என்றிருந்தன. அவற்றில் ஒன்று நான் வாழும் புரூஸ். எங்களைப் போல வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறைந்த தொகுதி அது. அன்று மாலை வேலிக்கு அப்பால் நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

அது நம் பண்பாட்டில் இல்லாதது என்று நம்மவர்கள் சொல்லும்போதெல்லாம் புதுக்கோட்டையில் இருந்த என் சித்தி நினைவுக்கு வருகிறார். அவரும் உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவரும் 30 ஆண்டுகள் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து வாழ்ந்தார்கள்; நாங்கள் அவரை டீச்சர் சித்தி என்றே அழைத்தோம். பொங்கலுக்கு இருவருக்கும் சேர்த்தே சீர் போகும். தெருவுக்கே தெரிந்திருந்ததற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. சித்தி இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமாக்கள் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். டீச்சர் சித்தி ஒரு டிரங்குப் பெட்டியோடு பேருந்து ஏறினார். உறவு என்று காட்ட அவரிடம் ஒரு தாள் இல்லை.

டிசம்பர் 7 அன்று நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டுமென்பதால் பெரும்பாலோருக்கு 2018 ஜனவரி 9 முதல்தான் கல்யாணம். பக்கத்து வீட்டார் மார்ச்சில் நாள் குறித்து, இருவருமாக வந்து நேரில் அழைத்தார்கள். பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறை ஒன்றுதான்.

கொல்லைப்புறத்துப் புல்வெளியில் கல்யாணம். நடத்திவைப்பவர் சட்டப்படி ஒரு வாசகத்தைச் சொல்லியாக வேண்டும். 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திலிருந்தே அது 'ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது திருமணம்' என்றிருந்தது. உறவினர் கல்யாணங்களில் அந்த வரி வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வோம் என்று அவர்கள் ஒருமுறை சொல்லியிருந்தார்கள். இப்போது அது 'இருவர் இணைவது' என்று மாறியிருந்தது. அந்தச் சொல் வந்தபோது இருவரும் நிமிர்ந்தே நின்றார்கள். சாட்சிகள் இருவரில் ஒருத்தியாக நானும் கையெழுத்திட்டேன். 101 டாலர் மொய் வைத்தேன். அந்த ஒற்றை நாணயம் எதற்கென்று கேட்டவர்கள், விளக்கியதும் அதைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

இரவு அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாடு என்ன, என்ன புடவை கட்டினாய் என்று கேட்டுக்கொண்டே வந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர் அப்புறம் எங்கே போனாங்கன்னு நாம யாருமே கேக்கலையேடி" என்றார்.