மிளகாய் வேருக்குள் ஒரு நீல மரம்

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொல்லையில் கடப்பாரையை ஓங்கிப் போட்டால் செம்புறாங்கல்லில் மோதித் தீப்பொறி பறக்கும். அமிலத்தன்மை கொண்ட இச்செம்மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இருப்பதை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்க மறுக்கின்றன என்பதே சரி. உரமாக நாம் போடுவதிலும் பெரும்பங்கு இப்படித்தான் சிறைப்படுகிறது.

இந்தச் சிக்கலுக்கு மருந்து என்று உரக்கடையில் கொடுத்ததுதான் ‘வேம்’ பாக்கெட். வேளாண் பல்கலைக்கழகத்தார் இதனை வேர் உட்பூசணம் என்கிறார்கள்; வேருக்குள் குடியிருந்து, மண்ணிலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கூலியாகச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூஞ்சை இது. பிரித்துப் பார்த்தால் அபிரகத்தூள் போல மினுங்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத்தூள். பூசணத்தின் வித்துகளும் அது குடியிருந்த வேர்த்துண்டுகளும் அதனுள் கலந்திருக்கும். உயிருள்ள வேரில்லாமல் இது வளராது என்பதால், மற்ற உயிர் உரங்களைப் போலத் தனியே பெரிய பாத்திரத்தில் பெருக்க இயலாமல், பெரும்பாலும் மக்காச்சோளச் செடியின் வேரில் வளர்த்தே எடுக்கிறார்கள்.

முதல் ஆண்டு நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மிளகாய் நாற்றங்காலில் விதை தூவி முடித்த பிறகு பாக்கெட்டை மேலாகத் தூவியதோடு, இருக்கட்டுமே என்று மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தையும் கைநிறைய அள்ளிப் போட்டேன். மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி இந்தப் பூசணத்தை வேரில் அண்டவிடுவது குறைந்துவிடும். தான் தயாரித்த சர்க்கரையிலிருந்து கூலி கொடுத்து ஆள் வைக்க அதற்கென்ன தலையெழுத்து? பயன் ஒன்றும் தெரியவில்லை. நானோ பாக்கெட்டைத்தான் குறை சொன்னேன்.

அடுத்த புரட்டாசியில் முறைப்படி செய்தேன். சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம், மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பி, அதற்கு மேலே விதையிட்டேன். முளைக்கும் வேர் இறங்கும் வழியில் பூசணம் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். டிஏபி மூட்டையைத் தொடவே இல்லை.

தாவரவியல் படிக்கும் அண்ணன் மகள் தை மாத விடுமுறைக்கு வந்தபோது ஒரு செடியைப் பிடுங்கி, மெல்லிய வேர்களை மட்டும் கத்தரித்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். அங்கே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைத்து நிறம் நீக்கி, வினிகரில் கலந்த பேனா மையில் சில நிமிடம் கொதிக்கவைத்து, நுண்ணோக்கியில் பார்த்துக் கைப்பேசியில் படம் அனுப்பினாள். “அயித்தை, செல்லுக்குள்ள ஒரு குட்டி மரம் நிக்குது பாருங்க” என்று கீழே எழுதியிருந்தாள். உண்மையிலேயே மரம்தான்: அடியில் ஒற்றைத் தண்டு, மேலே கிளைத்துக் கிளைத்து அறையையே நிரப்பிய நீலக் கொப்புகள். மண்ணிலிருந்து கொண்டுவந்த மணிச்சத்தைப் பூசணம் செடியிடம் ஒப்படைப்பதும், மாற்றாகச் சர்க்கரையும் கொழுப்பும் பெறுவதும் இந்தக் கொப்புகளில்தான்.

மணிச்சத்து மண்ணில் நகர்வது மிக அரிது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் உள்ளதை உறிஞ்சியபின் பட்டினி கிடக்கும்; வேர்த்தூவியைவிடவும் மெல்லிய பூசண இழைகளோ, அதைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய்த் தேடிவரும். மரவேர்களில் இப்படியொரு கூட்டுவாழ்வைக் கண்ட ஜெர்மானியர் ஃபிராங்க், 1885இல் அதற்கு மைக்கோரைசா, அதாவது பூசணவேர், என்று பெயரிட்டார்.

எல்லாப் பயிருக்கும் இது ஒத்துவராது. கடுகு, முள்ளங்கி, முட்டைகோஸ் இனங்கள் இந்தப் பூசணத்தை வேரில் ஏற்பதில்லை. அவற்றுக்கு வாங்கிப் போடுவது வீண்செலவு. நீர் தேங்கி நிற்கும் நெல்வயலிலும் காற்றில்லாமல் இது ஒடுங்கிவிடும்.

என் கொல்லையில் மிளகாய் பங்குனியோடு ஓய்ந்துவிடும்; அடுத்த நாற்றுக்குப் புரட்டாசி வரை பொறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் நிலத்தை உழுது வெயிலில் காயவிட்டால் இழைகள் அறுந்துபோகும், ஒட்டிக்கொள்ள வேரும் இராது. ஆகவே இந்த ஆண்டு உழவில்லை. சித்திரையில் பெய்த கோடை மழையின் ஈரத்தில் களைக்கொட்டால் கீறித் தட்டைப்பயறு ஊன்றியிருக்கிறேன்.